அப்படிச் சொல்லுமய்யா

வக்கீல் வல்லிநாயகம் இசைத்தட்டோடு வந்த சிறு புத்தகத்தை நான்காம் முறையாகப் படித்தார். நான்காம் முறையும் அதே அக்கிரமம்தான் அதில் அச்சாகியிருந்தது.

'தட்டின் முதற்பக்கத்தின் இறுதியில், சாக்ஸபோன் உச்சத்தைத் தொடும் இடத்தில், அவையிலிருந்து 'அப்படிச் சொல்லுமய்யா' என்று எழும் புகழ்பெற்ற குரல், கடையம் திரு. சுந்தரபாண்டி அவர்களுடையது.'

"ஏட்டி கல்யாணி, இங்கன வா. இந்தக் கொள்ளையைப் பாரு."

கல்யாணசுந்தரி வெண்டைக்காய் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குல்லா?"

"எழுத்தா? மானம் போயிட்டுங்கேன், நீ எழுத்தைப் பாக்கியே."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டுச் சாரல் பருவத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ் குழு ஒன்று குற்றாலத்தில் வாசித்தது. உள்ளூர்த் தவிலும் கூடச் சேர்ந்துகொண்டது. கச்சேரியை அங்கேயே பதிவு செய்து தட்டாக்கினார்கள். உலகெங்கும் தேடப்பட்ட அந்தத் தட்டைச் சென்னை நிறுவனம் ஒன்று இப்போது, அரை நூற்றாண்டு கழித்து, பழையபடி கறுப்புத் தட்டாகவே மறுபதிப்புச் செய்திருந்தது.

வல்லிநாயகத்துக்கு ஜாஸில் நாட்டமில்லை. சாக்ஸபோனை அவர் மூச்சுத் திணறும் நாகஸ்வரம் என்றே கருதிவந்தார். ஆயினும் அவருடைய இல்லறம் முழுவதும் அத்தட்டில் இருந்த இரண்டு சொற்களின்மேல்தான் நின்றது.

எண்பதாம் ஆண்டு ஆய்க்குடிக்குப் பெண் பார்க்கச் சென்றபோது, பெண்ணின் தகப்பனார் அந்தத் தட்டைச் சுழலவிட்டிருந்தார். குரல் எழுந்த இடத்தில், "இது யாரு தெரியுமா, தம்பி?" என்று கேட்டார். கறுப்புக் கோட்டுத் தைத்து மூன்று மாதமாகியும் ஒரு வழக்குக்கூட வாராதிருந்த வல்லிநாயகம், "அடியேன்தான்" என்றார். "பொண்ணை வரச் சொல்லுங்க" என்று தகப்பனார் உள்ளே குரல் கொடுத்தார்.

உள்ளபடி, அந்தக் கச்சேரி நடந்த மாலையில் வல்லிநாயகம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றிருந்தார். இதனை அறிந்தோர் இருவர்: அவரும், குற்றாலநாதரும். மெய்யைப் பறிகொடுத்தவன்கூட ஒருநாள் ஆறிவிடுவான். தம் பொய்யை மற்றொருவன் களவாடக் கண்ட வல்லிநாயகத்தால் ஆற முடியவில்லை. அதைவிட, நாற்பத்தைந்து ஆண்டு கழித்துக் கல்யாணசுந்தரி தம்மைப் பொய்யரென்று அறிந்துவிட்டால் எந்த முகத்தோடு அவள் முன் உண்ண உட்காருவது என்ற அச்சம் கோபத்துக்கு மேலும் நெய் வார்த்தது.

முதலில் நிறுவனத்தை அழைத்தார். ஒலிப்பொறுப்பாளர் முகம்மது ஆசிக் பணிவாகப் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அவர்தான் முதல்ல எழுதினாரு, போட்டுட்டோம். வர்ற ஞாயித்துக்கிழமை குற்றாலத்துல வெளியீடு. ரெண்டு பேரும் வாங்க, அங்கேயே குரலை ஒத்துப் பார்த்துடலாம்."

குரலை ஒத்துப் பார்ப்பதா? வல்லிநாயகம் சட்டென்று இணைப்பைத் துண்டித்தார். எதிரியை மிரட்டி விலகச் செய்வதே வழியென்று, கடையத்தில் அரிசி ஆலை வைத்திருந்த சுந்தரபாண்டியை அழைத்தார்.

"என்னவே, ஊரான் குரலை உம்ம குரல்னு எழுதிக் குடுத்திருக்கேரு?"

"அண்ணாச்சி, அது நடந்து அம்பது வருசமாச்சு. கம்பெனிக்காரங்க இது யாரு குரல்னு கேட்டாங்க, நாந்தான்னேன். நீரு ஏன் சொல்லலை?"

"எனக்கு வெக்கம்னு ஒண்ணு உண்டு, வே."

"அப்போ அதை நல்லா வச்சிக்கிடும்." இணைப்பு அறுந்தது.

கொதித்தெழுந்த வல்லிநாயகம், தம் ஆள்பலம் காட்டினால் அந்த மனிதர் அடங்குவார் என்று கணக்கிட்டு, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறைகூவல் ஒன்றை விடுத்தார். வீரகேரளம்புதூரிலிருந்து இரண்டு வேன் கிளம்பும் என்று பதில் வந்தது. செய்தி கசிந்து கடையத்தில் ஒரு பேருந்தே ஏற்பாடாயிற்று. இனிப் பின்வாங்க இடமில்லை.

ஆறு நாள் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, "அப்படிச் சொல்லுமய்யா" என்று கத்திப் பழகினார். ஆறாம் நாள் தொண்டை கட்டிப்போயிற்று. கல்யாணசுந்தரி மிளகுக் கஷாயத்தை நீட்டினாள்.

"கடைசியில அம்புட்டு இழுக்காதீங்க. வெடுக்குனு நிப்பாட்டணும்."

"எங்குரலை எனக்கே படிச்சுத் தாரியோ? போ அங்கிட்டு."

ஞாயிறன்று அரங்கு நிரம்பி வழிந்தது. ஆசிக் தட்டின்மேல் முள்ளை வைத்தார். சாக்ஸபோன் படிப்படியாக ஏறியது. சுந்தரபாண்டி அவசரக்காரர், அது பாதி வழி ஏறும்முன்பே கத்திவிட்டு, தம் பேருந்துக்காரர்களின் கைதட்டலை வாங்கிக்கொண்டார். அடுத்து வல்லிநாயகம் எழுந்தார். இடம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தொண்டையிலிருந்து வந்த ஒலியைக் கேட்டு, சன்னலில் இருந்த குரங்கு தின்பதை நிறுத்திவிட்டு அவரைக் கனிவோடு பார்த்தது.

ஆசிக் தயங்கினார். "மன்னிக்கணும். தட்டுல இருக்கிற குரலைத் தனியாப் பிரிச்சு ஆராய்ஞ்சு பார்த்தோம். அவருக்கு அப்பவே அம்பது வயசாவது இருக்கும். நீங்க ரெண்டு பேரும் அப்போதான் இருபதைத் தாண்டியிருப்பீங்க, இல்லையா?"

சுந்தரபாண்டி சிரித்துக்கொண்டே அமர்ந்தார். "சரி தம்பி, எம்பேரை எடுத்துரும். ஒரு ஆசைதான்."

வல்லிநாயகமும் அவ்வாறே அமர்ந்திருக்கலாம். கோபம் விடவில்லை. மேசையில் ஓங்கி அறைந்தார்.

"ஆட்சேபிக்கிறேன். இருபத்திரண்டு வயசுலயே எனக்கு அம்பது வயசுக் குரல். சாட்சி வேணுமா? இந்தா எம் பொஞ்சாதி. இந்தக் குரலுக்காகத்தான் எங்க மாமனார் பொண்ணையே குடுத்தாரு. அவளைக் கேளும். கல்யாணி, எந்திரி. சபையில சொல்லு."

மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு வேன்களும் ஒரு பேருந்தும் மூச்சடக்கிக் காத்திருந்தன. கல்யாணசுந்தரி எழுந்து கணவரின் அருகில் வந்தாள். மைக்கின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அவர் ஒருவருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அது எங்க அப்பா குரல். 'எங்குரலை எங்கிட்டயே தன் குரல்னு கூசாமச் சொல்லுதான், வக்கீல் தொழில்ல எப்படியும் பிழைச்சிக்கிடுவான்'னுதான் அவுக என்னைய உங்களுக்குக் கட்டிக் குடுத்தாக."