சுண்டெலி தொடாத பூட்டு

சாவி உள்ளே போனது. திரும்பத்தான் மாட்டேன் என்றது.

தையல் மிஷின் ரிப்பேர்காரர் இன்னொரு முறை முயன்றார். வெள்ளைக் காரின் பின்சீட்டில் நீல ஃபைல் தெரிந்தது. நீதிமன்றக் கடிகாரம் மூன்றரை காட்டியது. வந்ததும் ஃபைலை எடுத்திருக்கலாம். டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் அவர்தான்.

"ஃபைல் மேல குடை இருக்கு. நாம எடுத்துட்டு வந்தோமா சார்?" என்றாள் சுண்டெலி.

"வீட்ல வெச்சிருப்பாங்க. இப்ப குடையா முக்கியம்?"

சுண்டெலிக்குப் பதினாறு வயது. எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவாள் என்று தெருவில் வைத்த பெயர் அது. போன வருஷம் ஹேர்பின்னால் அடுத்தவர் கார்களைத் திறந்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அதே இடத்தில் நிறுத்திவந்தாள். பதினொன்றாவது கார் ஒரு இன்ஸ்பெக்டருடையது. சிறார் நீதிமன்றம் அவளை ஒரு வருஷம் ஒரு தன்னார்வலரின் பொறுப்பில் விட்டது. வாரம் ஒருநாள் அவரைச் சந்திக்க வேண்டும், எந்த வண்டியின் பூட்டையும் தொடக் கூடாது.

தன்னார்வலராகப் பெயர் கொடுத்தவர் நம் ரிப்பேர்காரர். வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. இங்கே ஒருத்தியாவது கேட்பாள் என்று நம்பினார்.

ஐம்பத்திரண்டு வாரக் குறிப்பும் அந்த ஃபைலில் இருந்தது. நான்கு மணிக்குள் கொடுத்தால் வழக்கு முடியும், திங்கட்கிழமை அவள் பாலிடெக்னிக்கில் சேரலாம். இல்லையென்றால் வழக்கு மூன்று மாதம் தள்ளிப்போகும், சீட்டும் கைவிட்டுப் போகும்.

"துருவாத்தான் இருக்கும்," என்று பையிலிருந்த மிஷின் எண்ணெயைப் பூட்டில் விட்டார். சாவி அசையவில்லை. இடுக்கியால் பிடித்துத் திருகினார். பாதிச் சாவி கையோடு வந்தது.

"பூட்டுக்காரரைக் கூப்பிடலாம் சார்."

"இருபது வருஷமா மிஷின் பிரிச்சு மாட்டறேன். இதெல்லாம் ஒரு பூட்டா?"

மீதிச் சாவியைக் கோணி ஊசியால் நெம்பினார். ஊசியும் உள்ளேயே ஒடிந்தது. கண்ணாடி இடுக்கில் இரும்பு ஸ்கேலை விட்டதில் ரப்பர் பட்டை முழுதாக உரிந்து வந்தது. அந்த வழியாகப் போன போலீஸ்காரர் நின்றுவிட்டார்.

"யாருய்யா நீ? வண்டி யாருது?"

"என்னுதுதான் சார். ஏழு வருஷமா ஓட்டறேன்."

போலீஸ்காரர் ஸ்கேலைப் பார்த்தார், எண்ணெய் வழியும் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"நல்ல மனுஷன்தான் அண்ணே. நான் பொறுப்பு," என்றாள் சுண்டெலி. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மணி மூன்று ஐம்பது. ரிப்பேர்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பக்கக் கதவு நல்லாத்தானேம்மா இருக்கு. ஒரே ஒரு தடவை..."

சுண்டெலி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன் சார்."

"என் வண்டி. நானே சொல்றேன்."

"பதினொரு தடவையும் எனக்கு ஏதோ ஒரு காரணம் இருந்துச்சு சார்."

"சீட்டு போயிடுமே."

"போகட்டும். ஒரு வருஷமா தொடாம இருந்துட்டேன். இன்னிக்குத் தொட மாட்டேன்." பாலிடெக்னிக் பாடப் புத்தகத்தைப் பழைய கடையில் வாங்கி அவள் இப்போதே அட்டை போட்டு வைத்திருப்பது அவருக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இருவரும் வெறுங்கையோடு உள்ளே போனார்கள். தான் ஆசை காட்டியது உட்பட ஒன்றுவிடாமல் நீதிபதியம்மாவிடம் ஒப்புக்கொண்டார். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க கெஞ்சியும் தொடலையா? இதுக்கு மேல எனக்கு என்ன அறிக்கை வேணும்? ஃபைலை நாளைக்குக் குடுங்க, வழக்கு முடிஞ்சுது. திங்கட்கிழமை போய்ச் சேரும்மா." பிறகு அவரைப் பார்த்து, "அந்தக் காரை நெனச்சாத்தான் பாவமா இருக்கு," என்றார்.

வெளியே வந்ததும் சுண்டெலி அழுதாள். ரிப்பேர்காரர் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூட்டுக்காரருக்குப் போன் செய்தபடி இருவரும் காருக்கு வந்தபோது, காக்கிச் சட்டை போட்ட டிரைவர் ஒருவர் கதவருகே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஜட்ஜம்மா வண்டி சார். எவனோ ஊசியை ஒடிச்சு வெச்சிருக்கான். அதோ, அந்த மரத்தடியில இதே மாதிரி ஒரு வெள்ளைக் கார் நிக்குது, அதுல ஒரு கீறல் இல்ல. நீங்க யாரையாவது பார்த்தீங்களா?"