பெஞ்சு பொருள் நிர்ணயக் குழு

ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு வார்டு ஆபீஸ். தெரு பெருக்கும் பெண்கள் இருபத்திரண்டு பேர் தினமும் காலை ஆறு மணிக்கு வருகை பதிந்து ஹாஜரி கொடுக்க அதன் வாசலில் வந்து நிற்பார்கள். ஹாஜரி மெஷினுக்கு ஏழரைக்குத்தான் உயிர் வரும். அவர்களில் யசோதாவுக்கு முட்டி போய் இரண்டு வருஷம். “வாசலில் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும்” என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. வாயால் கேட்டிருந்தால் வாட்ச்மேன் ஒரு ஓட்டை நாற்காலியையாவது தூக்கிப் போட்டிருப்பான். எழுத்தில் வந்துவிட்டால் அது ஃபைல்.

ஃபைல் அதிகாரி ஸ்ரீகண்டனிடம் போயிற்று. மூன்று தலைமுறையாக சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் மல்லேஸ்வரத்துக் குடும்பம். பொருள் வரையறுக்காத சொல்லுக்கு அனுமதி கொடுக்க அந்தப் பரம்பரையில் ஒருவரும் துணிந்ததில்லை.

“பெஞ்சுன்னா என்னம்மா?” என்றார்.

“உட்கார்ற பெஞ்சு சார்.”

“அது உன் அபிப்பிராயம். சர்க்கார் அபிப்பிராயம் வேணுமே.”

உடனே பெஞ்சு பொருள் நிர்ணயக் குழு அமைந்தது. ஆலோசகராக வந்த ஷ்ரேயாஸ், இப்போதைய நாகரிகப்படி, கலர் கலராகத் துண்டுத்தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டினார்.

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வார்த்தை சார். பேங்க்கும் இதுவும் ஒரே வேர்ல வந்தது.”

“பேங்க்கா? அப்போ நிதிப் பிரிவு கருத்துச் சொல்லணும்.”

நீதிபதிகள் கூடி உட்கார்ந்தால் அதுவும் பெஞ்சுதான் என்று தெரிந்ததும் ஃபைல் சட்டப் பிரிவுக்குப் போனது. ஐ.டி. கம்பெனியில் வேலை இல்லாமல் சம்பளம் வாங்கினால் அதற்கும் இதே பெயர் என்று ஷ்ரேயாஸ் சொன்னபோது ஆபீசில் எல்லோரும் அவசரமாக ஆளுக்கொரு ஃபைலைப் பிரித்தார்கள். அந்தப் பொருளில் இங்கே புதிதாக பெஞ்சு தேவையில்லை, இருப்பதே போதும் என்று சட்டப் பிரிவு குறிப்பு எழுதியது.

மனுதாரர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தாக வேண்டும் என்பது விதி. நாற்காலி உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதும் விதி. பதினோரு கூட்டமும் யசோதா சுவரோரம் நின்றாள். முட்டி பன் மாதிரி வீங்கியது. பாவி மனுஷர்கள், ஒருத்தர்கூட அதைப் பார்க்கவில்லை.

“நானே ஒரு பலகை கொண்டாந்து போட்டுக்கறேன் சார்.”

“குழு முடிவுக்கு முன்னாடியேவா? அது குழுவை அவமதிக்கிறதாயிடும்மா.”

எட்டாவது மாதம் அறிக்கை வெளிவந்தது. முந்நூற்று நாற்பது பக்கம், கெட்டி அட்டை, மூன்று மொழியில் இருநூறு பிரதி. முடிவு ஒரே வரி: ‘பெஞ்சு பல பொருள் கொண்ட சொல் ஆதலால், அதை ஓரிடத்தில் போடுவது உசிதமன்று.’

பிரதிகளை வைக்க உள்ளே இடமில்லை. வாசலில் சுவரோரமாக அடுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை யசோதா வந்தாள், பார்த்தாள், மேலே துண்டைப் போட்டு உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. பக்கத்தில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

குப்பை ஆட்டோ ஓட்டும் உமேஷ் வந்து, “மத்தவங்க நிக்கிறாங்களே யசோக்கா?” என்றான்.

யசோதா யோசித்தாள். வாசலில் குடிக்கத் தண்ணீரும் இல்லை. “தண்ணிக்கு டேப் வேணும்னு ஒரு மனு எழுது உமேஷ்.”

“டேப் போடுவாங்களா?”

“போட மாட்டாங்க. அர்த்தம் பார்ப்பாங்க. அதுல நாலு பேர் உட்காரலாம்.”

டேப் வந்தது, இருநூற்றெண்பது பக்கம். பிறகு லைட், ஷெட், கேட், கடிகாரம். பொதுமக்களின் சொல்லார்வத்தைத் தூண்டியதற்காக ஸ்ரீகண்டனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஷ்ரேயாசைப் பக்கத்து வார்டும் கூப்பிட்டது.

இப்போது இருபத்திரண்டு பேரும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மழை வந்தால் நனைகிறார்கள், தாகம் எடுத்தால் எதிர்க் கடையில் பாட்டில் வாங்குகிறார்கள். டேப் அறிக்கை மட்டும் கொஞ்சம் ஒல்லி, இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்று போன வாரம் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து யசோதாவுடையது.