இருபத்தேழு சிவப்பு அட்டைகள்

ஓசூர்,
6-10-2006, வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் வெள்ளைச்சாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் மாடசாமி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாகரசம்பட்டியில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் மாந்தோப்பும் சௌக்கியமாக இருக்க எல்லாம் வல்லவனை வேண்டிக்கொள்கிறேன். இங்கு நானும் நலமே. வலது கட்டைவிரல் மட்டும் நலமில்லை, அதன் கதை பின்னால் வருகிறது.

கையில் செல்போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று மச்சான் நினைக்கலாம். திங்கட்கிழமை காலை மகள் பூங்கொடியையும் கூட்டிக்கொண்டு ராஜலட்சுமி தங்கள் வீட்டுக்கு வந்தாளே, அன்று மாலையே நான்கு தடவை போன் அடித்தேன். நான்காவது தடவை அவளே எடுத்தாள். "வாயால சொன்னதெல்லாம் போதுங்க. பதினாலு வருசமா வாயாலதான சொல்றீங்க? என்னென்ன வேலைய முடிச்சீங்கன்னு எங்கண்ணனுக்கு எழுதிப் போடுங்க. அவரு படிச்சுப் பாத்து, போன்னு சொன்னா வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆக, என் குடும்பம் திரும்பி வருவதும் வராததும் இப்போது தங்கள் கையில் இருக்கிறது. புதன்கிழமை பூங்கொடிக்குப் பள்ளி திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே இருவரையும் பஸ் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். மற்றதெல்லாம் அதற்கான ஆதாரம்.

அவள் தங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பழுதாகிக் கிடக்கும் பொருள், செய்யாமல் கிடக்கும் வேலை, எதுவானாலும் அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையை நூல் போட்டுக் கட்டிவிடுவோம். என்ன வேலை, எத்தனை நாளாக நிலுவை, யார் பொறுப்பு, என்றைக்கு முடியும் என்று அதில் நான்கு கட்டம் இருக்கும். வேலை முடிந்தால்தான் அட்டையைக் கழற்றலாம். எங்கள் பிரிவில் இதற்குப் பொறுப்பாளனே நான்தான். இரண்டு வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியிருக்கிறேன், தங்கள் வீட்டில் இருக்கும் ஹாட்பாக்ஸ் அதில் ஒன்று. போன சனிக்கிழமை ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த பிறகு, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். "நாளைக்குன்னு சொல்றவனுக்கு இந்த ஷெட்ல இடம் கெடையாது!" என்று ஒரு போடு போட்டேன். ஷெட்டே கை தட்டியது. இரண்டாவது வரிசையில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் அவள் என் கூட்டாளி லால் பாஷாவிடம் போய், "தம்பி, இந்த அட்ட ஒரு கட்டு கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். மளிகைச் சாமான் எழுதி வைக்கத்தான் கேட்கிறாள் என்று அவனும் நூலோடு கொடுத்திருக்கிறான்.

மறுநாள் முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மச்சான், வீடா அது! வீடு முழுக்கச் சிவப்புத் தோரணம். பாத்ரூம் தாழ்ப்பாளில் ஒன்று, மிக்ஸி ஜாரில் ஒன்று, ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த கட்டிலில் ஒன்று, நிரம்பினாலும் நிற்காத தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, இன்னும் சங்கரன்கோவில் விலாசத்திலேயே இருக்கும் என் ரேஷன் கார்டில் ஒன்று, அலமாரியில் ஆல்பம் வைக்க வேண்டிய வெற்றிடத்தில் ஒன்று. எங்கள் கல்யாண ஆல்பம் கிருஷ்ணகிரி ஸ்டுடியோவில் இருக்கிறது என்று பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அதற்குத்தான். மொத்தம் இருபத்தேழு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தாள். நம்பர் ஒன்று அவளுடைய தகரப் பெட்டியின்மேல் இருந்தது. வேலை: பத்தாவது கணக்குப் பரீட்சைக்கு ஃபாரம் வாங்கிப் போடுவது. நிலுவை: ஒன்பது வருஷம். அதற்குமேல் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அட்டையை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

மச்சானுக்குத் தெரியாததில்லை. மற்றப் பாடமெல்லாம் தேறி, கணக்கில் மூன்று மார்க்கில் போனவள் அவள். அதை எழுதித் தேறிவிட்டால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம் என்பது அவள் ஆசை. அதற்கும் வயது தாண்டிக்கொண்டே இருக்கிறது. இந்த வருஷம் ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி. கிருஷ்ணகிரி கல்வி அலுவலகத்தில் வாங்கி அங்கேயே கொடுக்க வேண்டும். இதை நான் மறந்துபோனேன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. வருஷா வருஷம் ஞாபகம் வைத்துத்தான் தள்ளிப்போட்டேன்.

இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை முழுக்கத் திட்டம் போட்டேன். திட்டமில்லாமல் இறங்கினால் வேலை கெட்டுப்போகும் என்பது கம்பெனிப் பாடம். பெரிய சார்ட் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மூன்று கலர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன். பொறுப்பு என்ற கட்டத்தில் மாடசாமி, மாடசாமி என்று இருபத்தேழு தரம் எழுதியதில் கை வலி எடுத்துவிட்டது. ஒரு வேலை ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும் என்பதும் கம்பெனிப் பாடம்தான், ஆகவே லால் பாஷாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டோம். தாழ்ப்பாள் ஏன் மாட்டவில்லை? ஸ்க்ரூ இல்லை. ஸ்க்ரூ ஏன் இல்லை? வாங்கவில்லை. இப்படியே போய், மிக்ஸிக்கும் கேட்டு, கட்டிலுக்கும் கேட்டு, சாயங்காலம் பாஷா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எதுக்குக் கேட்டாலும் அஞ்சாவது ஏன்ல நீங்கதாண்ணே வந்து நிக்கிறீங்க" என்றான்.

புதன்கிழமை முதல் வேலையாக ஃபாரத்துக்குத்தான் கிளம்பினேன். சத்தியம். குளித்துவிட்டுப் போகலாம் என்று பாத்ரூமுக்குள் போனேன், தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது, சரி, ஐந்து நிமிஷ வேலைதானே என்று பக்கத்து வீட்டில் டிரில் மிஷின் வாங்கிவந்தேன், அதைச் சொருகப் போனால் பிளக் பாயிண்டில் எட்டாம் நம்பர் அட்டை தொங்குகிறது, பாயிண்டைக் கழற்ற மெயினை அணைத்தேன், அணைத்தது மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் வெங்கடப்பன் வீட்டு மெயின் என்பது எனக்கு எப்படித் தெரியும், மோட்டார் நின்று தண்ணீர் நின்று, தலைமுதல் கால்வரை சோப்பு நுரையோடு மனிதர் மாடிப்படியில் வந்து நின்று, "ஏமய்யா மாடசாமி! ஒக்க தாழ்ப்பாளுக்கு ஊரு கரெண்ட்டையே பிடுங்கிடுவியா நீ?" என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கத்த, அந்தப் பதற்றத்தில் நான் சுத்தியலை ஆணியின்மேல் போடாமல் கட்டைவிரலின்மேல் போட்டேன். அன்று மட்டும் பதினோரு அட்டை கழற்றினேன் மச்சான், ஒரு கையால். கிருஷ்ணகிரி போக மட்டும் நேரமில்லை.

வியாழக்கிழமை போயே விட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறதே, அதற்குள் ஆல்பத்தை வாங்கிவிடலாம் என்று ஸ்டுடியோவைத் தேடினேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. ஸ்டுடியோக்காரர் மகன்தான் நடத்துகிறார், தங்கமான மனுஷன். பரணில் ஏறி, தூசியில் தும்மி, ஐந்து மணி நேரம் தேடி, கயிறு போட்டுக் கட்டிய ஓர் ஆல்பத்தை இறக்கிக் கொடுத்தார். தேதி சரி, மண்டபம் சரி. அந்த வெற்றியில் பக்கத்து ஓட்டலில் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனால் பூட்டு. வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் பிரித்தால், மாலையும் கழுத்துமாக நிற்பது யாரோ ஒரு ஜோடி. காலையில் நம் கல்யாணம், மாலையில் அதே மண்டபத்தில் அவர்கள் கல்யாணம் போலிருக்கிறது. பதினான்கு வருஷமாக ஆல்பம் வாங்காத இன்னொருவனும் இந்த மாவட்டத்தில் இருக்கிறான் என்று நினைத்தபோது மனதுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அட்டையைக் கழற்றிவிட்டேன். வாங்கி வர வேண்டும் என்றுதானே எழுதியிருந்தது, யாருடையது என்று எழுதவில்லையே.

இன்று காலை ஃபாரத்துக்குப் போகக் குளிக்கப் போனேன். புதுத் தாழ்ப்பாள் என்ன உறுதி என்கிறீர்கள்! போட்டேன், விழுந்தது, அப்புறம் ஆண்டவனாலும் திறக்க முடியவில்லை. இடுப்பில் துண்டோடு பதினோரு மணியிலிருந்து இரண்டரை வரை உள்ளேயே இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த லால் பாஷாதான் கடப்பாரையால் கதவைப் பெயர்த்து என்னை வெளியே எடுத்தான். சாயங்காலத்துக்குள் மீதி அட்டைகளையும் முடித்துவிட்டேன், ரேஷன் கார்டுக்கு மனு எழுதி வைத்ததையும் சேர்த்து. முடித்தபின் உடைந்தது முடித்ததில்தான் சேரும் என்பது கம்பெனி விதி.

ஆக, இருபத்தேழில் இருபத்தாறு முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கம்பெனியில் இதற்கு மாலை போட்டுப் போட்டோ எடுப்பார்கள். பாக்கி இருப்பது ஒரே ஒரு அட்டை. நாளையும் மறுநாளும் அலுவலகம் லீவு, திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட், லீவும் தீர்ந்துவிட்டது. அந்த ஒன்றை வருகிற வருஷம் முதல் வேலையாக முடித்துக் கொடுக்கிறேன் என்று இதன்மூலம் எழுத்துப்பூர்வமாக உறுதி கூறுகிறேன். ஆகவே மச்சான் பெரிய மனது பண்ணி, ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் அவர்கள் இருவரையும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கொண்டுவரும் லால் பாஷா மாமியார் வீட்டு விசேஷத்துக்குக் காவேரிப்பட்டினம் போகிறவன், வழியில் வந்து கொடுப்பான். அவனுக்கு ஒரு வாய் மோர் கொடுக்கவும்.

தோப்பில் வரும் வருஷம் பூ குலுங்கப் பூக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், பூங்கொடிக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
ப. மாடசாமி.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தை லால் பாஷாவிடம் கொடுத்து, ஆதாரமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை படிக்கச் சொன்னேன். முழுக்கப் படித்துவிட்டு அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, அண்ணி தனக்குன்னு கேட்டது அந்த ஒண்ணுதானேண்ணே? மத்த இருபத்தாறும் வீட்டுக்குத்தானே?" என்றான்.

அவன் வண்டியைத் துடைக்கப் போனதும், தகரப் பெட்டியின்மேல் கவிழ்த்துப் போட்ட அட்டையை எடுத்து மீதியையும் படித்தேன். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ராஜலட்சுமி என்று எழுதியிருக்கிறாள். முடியும் தேதி: 9-10-2006. அவள் அங்கே வந்தது கோபித்துக்கொண்டு அல்ல, மச்சான். அங்கிருந்து கிருஷ்ணகிரி பக்கம் என்பதால் வந்திருக்கிறாள். ஒருவேளை ஃபாரமே இந்நேரம் வாங்கியிருப்பாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்காகத்தான் மற்ற இருபத்தாறையும் செய்தேன் என்பது எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்ப வேண்டாம். நான் அன்றைக்கே அங்கு வருகிறேன். போனில் கேட்டதற்குத் திங்கட்கிழமைக்கு மேனேஜர் லீவு தரமாட்டேன் என்றுதான் சொன்னார், தராமலே எடுத்துக்கொண்டேன். அடித்த என் பெயரைத் திரும்ப எழுதவில்லை. அவள் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், துணைக்கு மாடசாமி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டிக் கேளுங்கள். அதையும் அவள் அடித்துவிட்டால், அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை இருக்கிறது, வேலை முடிந்து அவள் வெளியே வரும்வரை அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.