ஆறும் இரண்டும் அறுபத்திரண்டு

எங்கள் குடும்பத்தில் ஆறையும் இரண்டையும் கூட்டத் தெரியாத ஒரே ஆள் நான்தான். ஊருக்கே தெரிந்துவிட்டதால் இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமாக இல்லை. கூட்டியது நானில்லை, கம்ப்யூட்டர் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. வீடு கோலார் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில், வேலை பெங்களூரில் ஒரு சரக்குக் கிடங்கில். பெட்டிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியே கிழவனாகிவிடுவேனோ என்ற பயத்தில், ரயிலில் போகவர ஆகும் நேரத்தில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு சாஃப்ட்வேர் ஆளாகிவிடுவது என்று முடிவு செய்தேன். (முடிவு செய்வதில் நான் கெட்டிக்காரன்.) கன்னடத்தில் ஒரு வாத்தியார் இலவசமாக நடத்திய வீடியோ வகுப்பு. முதல் பாடத்தில் திரையில் வணக்கம் சொன்னேன். இரண்டாம் பாடத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினேன். மூன்றாம் பாடத்தின் தலைப்பு 'தரவு வகைகள்'. தலைப்பே கொட்டாவி வரவழைத்தது. அதைத் தள்ளிவிட்டு நான்காம் பாடமான கூட்டல் கழித்தலுக்குத் தாவினேன். கூட்டல் குறி போட்டால் கூட்டும். இதில் என்ன வகை வேண்டிக்கிடக்கிறது?

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கவிதாவின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் கோலாரில் நர்ஸ். ராகுல் என்ற பையனை விரும்பினாள். ராகுல் வீட்டார் பக்கத்து ஊரான கோரமண்டலில் இருக்கும் பௌத்தக் குடும்பம். நாங்கள் முருகன் படத்துக்கு முன்னால் நின்றால்தான் சோறு இறங்கும் என்கிற வகை. என் பெரியப்பா மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நம்ம ஜனம் ஒருத்தரும் வரமாட்டாங்க, பாத்துக்க" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அது எப்படியோ ராகுல் வீட்டுக்கும் எட்டியிருந்தது. கடைசியில் அம்மா பேசிப் பேசிப் பெரியப்பாவை இறங்கிவரச் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாக அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவதென்று முடிவானது.

எத்தனை பேர் என்று தகவல் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. வாய் இருக்கிறது, போன் இருக்கிறது, "எட்டு பேர்" என்று சொல்லியிருக்கலாம். நான் போனிலேயே ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். பெரியவர்கள் எத்தனை என்று கேட்கும், ஆறு என்றேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்கும், இரண்டு என்றேன். (பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள்.) உடனே 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி 'தங்கள் அன்புள்ள' என்று முடியும் கடிதத்தை அதுவே எழுதித் தந்தது. நடுவில் நம்பரையும் போட்டுக்கொண்டது. கடிதத்தின் தமிழ் அழகில் மயங்கி, நம்பரைப் பார்க்காமலேயே ராகுலின் அப்பா ஆனந்தனுக்கு அனுப்பிவிட்டேன்.

"ரொம்ப சந்தோஷம். எல்லாருக்கும் எடம் பண்றோம்" என்று பதில் வந்தது. எட்டு பேருக்கு இவ்வளவு சந்தோஷமா, என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். ராகுல் ஓசூரில் ஷிப்டில் இருந்தான். ஞாயிறு காலையில்தான் வீட்டுக்கு வந்தான். ஆகவே கவிதாவுக்கும் எதுவும் தெரியவில்லை.

இரண்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். தெருவை அடைத்து ஷாமியானா. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரத்தில் பெரிய பிரியாணி அண்டா, மூடியின் மேல் தணல். பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். ஆனந்தன் கைகூப்பி வரவேற்றார். ஆனால் அவர் கண் எங்கள் மேல் நிற்கவில்லை. எங்களைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தது.

"வாங்க, வாங்க. வேன் பின்னால வருதா?"

"எந்த வேன்?" என்றார் அப்பா.

ஆனந்தன் நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொன்னார். அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே எட்டுப் பேர் உட்கார்ந்தோம். தண்ணீர் வந்தது. கால் மணி நேரம் போயிற்று. ராகுலின் அம்மா சுஜாதா இரண்டு முறை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்கம்பக்கத்தார் கதவோரம் நின்று எங்களை எண்ணுவது தெரிந்தது.

கடைசியில் ஆனந்தன் என் எதிரே வந்து நின்றார். "தம்பி, மத்தவங்கள்லாம் எங்க?"

"எந்த மத்தவங்க?"

"அறுபத்திரெண்டு பேருன்னு நீதானப்பா எழுதின."

நான் சிரித்தேன். (அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.) வேறு யாரும் சிரிக்கவில்லை. சுஜாதா வாசற்படியிலேயே நின்றபடி மெதுவாகச் சொன்னார்: "அம்பத்திநாலு பேருக்கு எங்க வீட்ல கை நனைக்க இஷ்டம் இல்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். தெருவே பாக்குது."

பெரியப்பா எழுந்துவிட்டார். "இன்னாம்மா பேசற? நாங்க எட்டு பேரு வர்றதாத்தான் பேச்சு. வந்தவங்கள நிக்க வெச்சு அவமானப்படுத்தறதுக்கா கூப்ட்டீங்க?" துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்க எல்லாரும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மாதம் பேசியது மூன்று நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தது. கவிதா அழவில்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"போனைக் குடு."

அனுப்பிய கடிதத்தைப் படித்தாள். "நீ இன்னா போட்ட?"

"பெரியவங்க ஆறு. பிள்ளைங்க ரெண்டு. அது கூட்டிக்கும்."

ராகுல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "கூட்டல," என்றான். "ஆறையும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கு."

ஆனந்தன் நம்பவில்லை. "கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியாதா? இப்ப ஒக்காந்து கதை கட்டறீங்க." நியாயமான கேள்வி.

"எங்க வீட்டைப் போடு," என்றார் சுஜாதா. "பெரியவங்க நாலு. பிள்ளைங்க மூணு."

போட்டேன். மரியாதை குறையாத அதே தமிழில், நாற்பத்து மூன்று பேர் வருவதாக எழுதிக் காட்டியது. அவர் போனை வாங்கிக் கணவரிடம் காட்டினார். ஆனந்தன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. எட்டு வரவெச்சுக் காட்டு. காட்டிட்டன்னா நம்பறேன்."

எட்டு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய இடம் மட்டும் தெரியும். வேர்த்து வழுக்கிய விரலால் மூன்றாம் பாடத்தைத் திறந்தேன். பதினோரு நிமிடம் ஓடும் வீடியோ. சத்தம் போதவில்லை என்று ராகுல் ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் போனை நிறுத்தினான். இரண்டு குடும்பங்களும், கதவோரத்து ஜனமும் கேட்கக் கன்னட வாத்தியார் தரவு வகைகளைத் தொடங்கினார். நடுவில் கொசுவர்த்தி விளம்பரம் வந்தது. யாரும் அசையவில்லை. பெரியப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

விசைப்பலகையில் வாங்கும் எதுவும் முதலில் எழுத்துதான் என்றார் வாத்தியார். பேருந்தின் மேல் எழுதிய நம்பர் மாதிரி. பத்தாம் நம்பர் பஸ்ஸையும் ஐந்தாம் நம்பர் பஸ்ஸையும் பக்கத்தில் நிறுத்தினால் பதினைந்தாம் நம்பர் பஸ் கிடைக்குமா? "இது சங்க்யெ அல்ல, அக்ஷர," என்றார், எண் இல்லை, எழுத்து என்று. எண் வேண்டுமென்றால் இன்ட் என்று போட்டு மாற்றச் சொல்ல வேண்டும்.

மாற்றினேன். அடைப்புக்குறியை மூட மறந்து, சிவப்பில் ஒரு பிழை. மறுபடி போட்டேன். எழுத்து மாறி, இன்னொரு பிழை. முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மூன்றாம் முறை, ஆறு, இரண்டு.

எட்டு.

ஆனந்தன் அதை வாய்விட்டுப் படித்தார். "எட்டு." பெரியப்பா உட்கார்ந்தார். கவிதா அப்போதுதான் அழுதாள்.

"கணக்கு சரியாப் போச்சு," என்றார் ஆனந்தன், இன்னும் சிரிக்காமல். "அண்டாவுல இருக்கறத இன்னா பண்றது?"

யாரும் எதிர்பார்க்காதது அப்போது நடந்தது. பெரியப்பா தன் பழைய பட்டன் போனை எடுத்தார். 'கை நனைக்க' என்ற சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போட்டு ஒரே வசனம்: "கோரமண்டலுக்கு வா. சாப்பாடு. காரணம்லாம் கேக்காத." வரமாட்டார்கள் என்று அவரே சொன்ன ஜனம் ஆட்டோவிலும் பைக்கிலும் வந்து இறங்கியது. மூன்று மணிக்குள் நாற்காலிகள் நிறைந்து, நிற்கவும் இடமில்லாமல் போயிற்று. எண்ணும் வேலையை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. சுஜாதா எண்ணினார். எழுபத்தொன்று.

கறி தீர்ந்துவிட்டது. எனக்கு அண்டாவின் அடியில் சுரண்டிய வெறும் சோறு கிடைத்தது. அதையும் பெரியப்பாதான் பரிமாறினார்.

கல்யாணம் நடந்து மூன்று வருடமாகிறது. நான் இன்னும் அதே கிடங்கில்தான் இருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டுவதில் இதுவரை தவறு வந்ததில்லை. போன மாதம் கவிதாவின் மகளுக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முதல் நாள் ஆனந்தனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, நாளைக்கு நாங்க எத்தினி பேரு வர்றோம்னா..."

"இரு தம்பி," என்றார். "போனை அம்மாகிட்ட குடு."