அஞ்சலையின் வாய் நாற்றமும் என் ரைட்டர் வேலையும்

பிள்ளையின் வாய் நாறினால் ஊரார் பிள்ளையைக் குறை சொல்வதில்லை. பெற்றவர்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். தங்கவயலில் இத்தனை காலம் உழைத்து நான் சம்பாதித்த ஞானம் இது ஒன்றுதான். (தங்கமெல்லாம் சீமைக்குக் கப்பலேறிவிட்டது.)

அப்போது நான் சுரங்கத்துக்குள் லெவல் லெவலாகப் போய், எத்தனை வண்டி கல் ஏறியது என்று எழுதிக்கொண்டு வரும் ரைட்டர். நாலு எழுத்து தெரிந்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஆறு வயது மகள் அஞ்சலையையும் படிக்க வைத்து, கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களெல்லாம் வாயைப் பிளக்கும்படி செய்ய வேண்டும் என்று ஆசை. மிஷன் பள்ளிக்கு அழைத்துப் போனேன். டீச்சரம்மா அன்பாகக் குனிந்து அவள் பெயரைக் கேட்டார். அஞ்சலை பெயரைச் சொன்னாள். டீச்சரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாத்தம் போனதும் இட்டுகினு வாங்க. ஒரே ஒரு எடம்தான் பாக்கி கீது. ரொம்ப நாளு வெச்சிகினு இருக்க முடியாது."

அன்று தொடங்கியது வைத்தியம். "வவுத்துல பூச்சிங்க. வெளக்கெண்ணெ குடுத்தா சரியாப் பூடும்" என்றாள் என் மனைவி முனியம்மா. நான் படித்தவன் அல்லவா, பல்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். அடுப்புக்கரியால் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டேன். பூதிகோட்டையிலிருந்து மச்சான் ஏதோ வேர் கொண்டுவந்தான். ராபர்ட்சன்பேட்டையில் கிராம்பு வாங்கி மெல்லக் கொடுத்தேன். குழந்தை கிராம்பு வாசனையோடு நாறினாள். அவளுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் ஓயாமல் சளி ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, "வாயைத் திற" என்று மறுபடியும் பல்லைத் தேய்த்த அறிவாளி நான்தான்.

கடைசியில் பேட்டையில் இருந்த ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாயைப் பார்த்தார். ஒழுகும் மூக்கைப் பார்த்தார். இடுக்கி மாதிரி ஒன்றை உள்ளே விட்டார். அஞ்சலை வீறிட்டாள். தட்டில் ஏதோ விழுந்தது. நாற்றத்தில் டாக்டரே ஓரடி பின்வாங்கினார். கம்பவுண்டர் அதைக் கழுவினான். மஞ்சளாக மின்னியது.

"இன்னா பாப்பா இது?" என்றான் கம்பவுண்டர்.

"தங்கம்!" என்றாள் என் மகள், கண்ணீரோடும் பெருமையோடும். "கேட்டுல சோதன போட்டாங்க. யாருமே கண்டுபுடிக்கல!"

தங்கத் திருட்டைக் காட்டிக் கொடுப்பவனுக்கு இனாம் உண்டு. கம்பவுண்டர் வாசலைத் தாண்டியதை நான் பார்க்கவே இல்லை. அந்த ஓட்டத்தை மருந்து கலக்குவதில் காட்டியிருந்தால் பேட்டையில் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து மேலே வரும் எங்களைக் கேட்டில் நிறுத்தி, தலைமுடி, வாய், கோவணம் வரை தடவிப் பார்ப்பார்கள். லைன் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு: ஒருவன் காவல்காரன், மற்றவர்கள் தங்கத்தை ஒளித்துக்கொண்டு வரும் ஆட்கள். அஞ்சலை அம்மாவின் குங்குமச் சிமிழிலிருந்து உடைந்த பித்தளைக் குமிழை மூக்கில் ஒளித்து ஜெயித்திருக்கிறாள். அது உள்ளே போய்விட்டது. ஜெயித்த சந்தோஷத்தில் மறந்தும் போய்விட்டாள்.

கம்பவுண்டர் கூட்டிவந்து என்னைப் பிடித்துக் கொடுத்த போலீஸிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள், பிறகு அடித்தார்கள். பத்தர் ஒருவர் வந்து உரைகல்லில் தேய்த்து, "பித்தளை" என்று சொன்ன பிறகுதான் என்னை விட்டார்கள். ரைட்டர் வேலையையும் விடச் சொன்னார்கள் கம்பெனிக்காரர்கள். சந்தேகம் வந்த ஆளைக் கீழே இறக்குவதில்லையாம். வெளியே, ஜல்லிக்குக் கல் அரைக்கும் மில்லில் கூலியாகச் சேர்ந்தேன்.

நாற்றம் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. அடி வாங்கி வீங்கிய முகத்தோடு நான் அஞ்சலையைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். டீச்சரம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"இப்போ நல்லா கீது. ஆனா போலீஸ் புட்சிகினு போன வூட்டுப் பொண்ணு. மத்த பிள்ளைங்களப் பெத்தவங்க கேப்பாங்க. அந்த எடத்தையும் வேற பொண்ணுக்குக் குட்த்துட்டோம்."

"பித்தளைம்மா அது!" என்று கத்தினேன். பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது.

நானே வீட்டில் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். மில்லில் உழைத்த அசதியில், 'ஆ' எழுதிக் காட்டும்போதே தூங்கிவிழுவேன். அதோடு நின்றது அவள் படிப்பு.

இப்போது அந்தக் கதையை அஞ்சலைதான் சொல்கிறாள். கல்யாண வீடுகளில், போலீஸாகவும் நானாகவும் நடித்துக் காட்டுகிறாள். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "எங்கப்பா பல்லு தேச்ச தேய்ப்புல தங்கமே வந்திருக்கும்!" என்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

போன மாதம் அவள் மகனுக்கு வாய் நாறியது. விளக்கை எடுத்து முதலில் மூக்கைத்தான் பார்த்தாள். வீடே சிரித்தது. மூக்கு சுத்தமாக இருந்தது; இந்தத் தடவை உண்மையாகவே சொத்தைப் பல். டாக்டரிடம் தானே கொண்டுபோய்க் காட்டி, வாய் கொப்பளிக்க மருந்து வாங்கி வந்தாள். சிரிப்பு ஓய்வதற்குள் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"எத்தினி வேளைன்னு எழுதிக்கீது பாரு. படிச்சி சொல்லுப்பா."