ஓடம் அழைக்கும் சட்டம்

பெரிய ஆறொன்றின் இரு பக்கமும் பரந்திருந்தது இருகரை நாடு. அரண்மனை, மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் அக்கரையில், குடிமக்கள் இக்கரையில். ஓடம் வேண்டுமானால் கரையில் நின்று கூவுவார்கள். வீட்டுக்கு ஒரு கூவல் உண்டு. அதைக் கேட்டே யாரென்று தெரிந்துகொண்டு ஓடக்காரர் சடையப்பன் வந்துவிடுவார்.

மன்னருக்கு இது அநாகரிகமாகப் பட்டது. கூவுவது குற்றம், இனி கைபேசியில்தான் ஓடத்தை அழைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

"செயலியைக் கைபேசிக்குள்ளேயே இறக்கிவிட வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும்" என்றார் அமைச்சர் ஏகாம்பரம்.

"ஓடம் வருமா?" என்று கேட்டார் மன்னர்.

"அது வேறு துறை."

"செயலி இணையத்திலேயே இருக்கட்டும். எந்தக் கைபேசியிலும் திறக்கலாம்" என்றார் இன்னொரு அமைச்சர் விசாகமூர்த்தி.

யாருடைய செயலி வேண்டும் என்று மன்னர் தேர்தல் வைத்தார். கூவலுக்குச் சின்னம் ஒதுக்கவில்லை. ஏகாம்பரம் வென்றார். அவருடைய செயலி பழைய கைபேசிகளில் ஏறவில்லை. மற்றவற்றில் பிள்ளைகளின் படங்களை அழித்தால்தான் இடம் கிடைத்தது. இறக்கி முடிப்பதற்குள் புதுப்பிக்கச் சொன்னது. கொதித்துப்போன மக்கள் அடுத்த தேர்தலில் விசாகமூர்த்தியைப் பதவியில் உட்கார வைத்தார்கள். அவருடைய செயலி எல்லாக் கைபேசியிலும் திறந்தது, சிக்னல் இருந்தால். சிக்னலோ நடு ஆற்றில்தான் கிடைத்தது. அங்கே போக ஓடம் வேண்டும். அந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் பதவியில் இருந்தபோதுதான் இக்கரையில் வடிவழகி என்பவளின் மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. வடிவழகி கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீர்வரை போனாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கைபேசியை ஆற்றில் வீசிவிட்டு அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

ஓடம் வந்தது. கணவன் குழந்தையோடு ஏறினான். அவள் ஏறுமுன் காவலர் கையைப் பிடித்துவிட்டார். குழந்தை தாங்காது என்று சடையப்பன் துடுப்பு வலித்துக் கிளம்பிவிட்டார்.

கைதியை அக்கரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். காவலர் தன் கைபேசியைத் தட்டினார், தேய்த்தார், வானத்துக்குக் காட்டினார். பொழுது சாய்ந்தது.

"நீயே ஒருதரம் கூப்பிடேம்மா."

"என்னைப் பிடிச்சுட்டுப் போறதுக்கு நானே கூப்பிடணுமா?"

"உம் புள்ள அங்கதானே இருக்கு?"

அவள் கூவினாள். ஓடம் வந்தது.

"புள்ள கண்ணு முழிச்சிருச்சு தாயி" என்றார் சடையப்பன். வடிவழகி ஓடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காவலர் பேனாவை எடுத்தார்.

"என்னங்கய்யா எழுதுறீங்க?"

"ரெண்டாவது குற்றம்மா. கண்ணெதிரே நடந்துச்சு, எழுதாம விடமுடியுமா?"