மாதம் முன்னாலா, தேதி முன்னாலா

ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ஒரு குடும்பத்தை இரண்டாக உடைக்க முடியும். நான் உடைத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.

கல்லூரி முடித்து, வேலை கிடைக்காமல், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்குத் திரும்பியிருந்த நேரம். கையில் ஒரு சான்றிதழ். கோடிங் தெரியாதவர்களும் கட்டங்களை இழுத்து ஒட்டிச் செயலி செய்யலாம் என்று இணையத்தில் மூன்று வாரம் படித்து வாங்கியது. (படித்தது முக்கால்வாசி ஒன்றரை மடங்கு வேகத்தில்.)

ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாளில் எந்தக் குழு நல்ல இடத்தில் இறால் வலை கட்டலாம் என்று ஊரில் முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. ஐந்து குழுக்கள், மாறி மாறி. வரிசை ஒரு நோட்டில் இருக்கும், நோட்டு ஊர்த் தலைவர் வீட்டில் இருக்கும். அதை நான் நவீனப்படுத்தினேன். வரிசை முழுவதையும் கணினி அட்டவணையில் ஏற்றி, தினமும் அன்றைய குழுவுக்கு மட்டும் 'இன்று உங்கள் பாடு' என்று வாட்ஸ்அப் தானாகப் போகும்படி செய்தேன். அக்டோபர் இருபதாம் தேதி தொடங்கினோம். மாதக் கடைசிவரை ஒருநாள்கூடப் பிசகவில்லை. தலைவர் நோட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டார். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; தெருவில் அவர் நடக்கும் நடையே மாறிவிட்டது.

நவம்பர் முதல் தேதி விடியற்காலை நைனாவின் குழுவுக்குச் செய்தி வந்தது. படகில் நானும் ஏறிக்கொண்டேன். (என் கண்டுபிடிப்பு வேலை செய்வதைப் பார்க்க.) இடத்துக்குப் போனால் அங்கே ஏற்கெனவே கழி நட்டு வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் சேகர் மாமா, என் அக்காவின் கணவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

"இன்னா மாமா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று சேகர் மாமா நைனாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கு எங்க பாடு, மாப்ள. போன்ல வந்துகீது பாரு."

"எனக்கு ஒண்ணும் வரல. ஆனா வெரல் வுட்டு எண்ணிகினு வந்தேன். நேத்து அவங்க, இன்னிக்கு நாங்க."

"எம் புள்ள தப்பா அனுப்பமாட்டான்," என்றார் நைனா.

அந்த வாக்கியத்தோடு நான் விட்டிருக்கலாம். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி, "மாமா, சிஸ்டம் தப்பு பண்ணாது" என்று வேறு சொன்னேன்.

"மச்சான், அந்தப் போனத் தூக்கி ஏரில போடு!" என்றார் சேகர் மாமா.

யாரோ கழியைப் பிடுங்கினார்கள். யாரோ தள்ளினார்கள். வலை கிழிந்தது. நைனாவின் கை பட்டு சேகர் மாமா இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து விழுந்தார். எழுந்தவர் கிழிந்த வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் பிழைத்திருப்போம்.

வீட்டுக்கு ஓடிவந்து பிழை தேட உட்கார்ந்தேன். இயங்கிய வரலாற்றைத் திறந்தால் வரிசையாகப் பச்சை டிக். எல்லாம் வெற்றி. உதவி கேட்டேன். 'உங்கள் செயல்முறை சரியாக இயங்கியுள்ளது, வாழ்த்துகள்' என்று ஒரு இயந்திரம் பதில் சொல்லி, ஐந்து நட்சத்திரம் கேட்டது. எல்லா இணைப்பையும் அறுத்துத் திரும்ப இணைத்தேன். கட்டங்களை அழித்துப் புதிதாக ஒட்டினேன். மறுநாள் காலையும் தப்பான குழுவுக்கே செய்தி போனது. அவர்கள் ஏரிக்குப் போகவில்லை, நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம்தான் தெரிந்தது. அட்டவணையில் நான் தேதியை முன்னால் எழுதியிருந்தேன். செயலி மாதத்தை முன்னால் படித்தது. இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அக்டோபர் முழுக்க வேறு வழியில்லாமல் சரியாகப் படித்திருக்கிறது. நவம்பர் ஒன்று வந்ததும், ஜனவரி பதினொன்றாம் தேதிக்குரிய வரியை எடுத்துக்கொண்டது. சேகர் மாமாவுக்குப் போகவேண்டிய செய்தி ஜனவரிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.

இதை ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கினேன்.

"மாசத்த முன்னாடி வச்சி எந்த ஊர்லப்பா எழுதுவாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"அமெரிக்காவுல."

"அமெரிக்காகாரன் நம்ம ஏரிக்கு எப்ப வலை கட்ட வந்தான்?"

கூட்டமே சிரித்தது. சேகர் மாமா சிரிக்கவில்லை. என்னை என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது நைனா எழுந்தார். "புள்ள மேல இன்னா கீது? போலாம்னு சொன்னது நானு. கை வச்சதும் நானு." எங்கள் குழுவுக்கு மூன்று பாடு கிடையாது என்று தண்டனை விதித்தார்கள், இறால் நன்றாக ஏறும் மாதத்தில். குழுவில் மற்றவர்கள் நைனாவிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரோடு டீ குடிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் அக்காவுக்கு வளைகாப்பு. அம்மா ஐந்து வகைச் சோறு கிளறி வைத்திருந்தாள். "அந்த ஊட்டுக்கு எம் பொண்டாட்டி வரமாட்டா" என்று சேகர் மாமா ஆள் அனுப்பிச் சொன்னார். முதல் பிரசவம் தாய்வீட்டில் நடக்கவில்லை. குழந்தை பிறந்ததை மீன் விற்கும் பெண்மணி சொல்லித்தான் அம்மா தெரிந்துகொண்டாள். இரண்டு தெரு தூரத்தில் அழுத பேத்தியை ஒரு வருஷம் அவள் தூக்கவில்லை.

நான் பிழையைத் திருத்திவிட்டேன். ஒரு சொடுக்குதான். ஊர் நோட்டுக்கே திரும்பிவிட்டிருந்ததால் அதைச் சோதித்துப் பார்க்க யாரும் வரவில்லை.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் சேகர் மாமா வீடு தேடி வந்தார். நைனாவின் கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "தேதிய எழுத்துல போட்டுகீறேன் மச்சான். உனக்கோசரம்" என்றார். நைனா வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தத் தேதியைச் சொன்னாலும், "குப்பத்துத் தேதியா, அமெரிக்காத் தேதியா?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். இப்போது அந்தக் குழந்தையே அர்த்தம் தெரியாமல் கேட்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

அம்மா மட்டும் அந்த நேரத்தில் அடுப்பங்கரையில் ஏதாவது வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விடுகிறாள்.